மென்சாவுக்கு வந்த கடிதம்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
17-5-1949

என் அன்பு மகன் தஸ்நேவிசுக்கு அம்மா எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் லண்டனில் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் மூன்று மாதமாக நீ எழுதிய சுகமெல்லாம் பொய் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாயிற்று, உன்னிடமும் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உன் சிநேகிதன் மென்சா போன டிசம்பரில் வந்து இறங்கினான். உன் கடிதம் அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. என்னோடு ஒரே கட்டிடத்தில் ஆராய்ச்சி செய்தவன், சிப்பியைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன், ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்டுக்காரன், நம் கடலுக்கடியில் சிப்பி விளைகிற முத்துப் பார்களைப் பார்க்க ஆறு மாதம் வருகிறான், என் அறையைக் கொடுங்கள், என்னைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். அறையைக் கொடுத்தேன். உன்னைப் போலப் பார்த்துக்கொள்ளவில்லை. உன் மேசையில் அவன் கண்ணாடிச் சில்லுகளையும் புட்டிகளையும் பரப்பி வைத்ததைப் பார்த்த அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது. சீலா மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கு, வால்துண்டு அவனுக்கு. அவன் அதை முள் முள்ளாகப் பிரித்துத் தின்றுவிட்டு நல்லா இருக்கு என்று தமிழிலேயே சொல்லுவான், அது இன்னும் எரிச்சலாக இருக்கும். மரியாதை தெரிந்தவன், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன், தெருக்காரர்கள் எல்லாரும் ஒரு மாதத்தில் அவன் பக்கம் போய்விட்டார்கள். எனக்குத்தான் அவனிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று ஆத்திரம்.

அப்பாவைச் சொல்லாமல் தீராது. இருபத்தெட்டாம் வருஷச் சலாபத்துக்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை, குஞ்சுச் சிப்பி பாரில் நிறையக் கிடக்கிறது, அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை, ஏன் என்பதுதான் மென்சாவின் ஆராய்ச்சி. அப்பா முத்தெடுக்க முங்குகிற குளியாளியாக இருந்து பிறகு பார் பார்க்கிற சர்க்கார் படகை நடத்தும் தண்டலாக இருந்தவர்கள் அல்லவா, எந்த வருஷம் எந்தப் பாரில் என்ன கிடந்தது என்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்கள் ஒன்பதையும் தூக்கி அவன் முன்னால் வைத்துவிட்டார்கள். துரைமாரோடு படகில் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பேச்சு. நாம் ரொட்டியைப் பாண் என்கிறோமே, அவர்கள் ஊரிலும் பானோ என்கிறார்களாம், காலில் போடும் சப்பாத்துக்கும் நம்முடையது போலவே ஒரு சொல்லாம், இரண்டு ஊருக்கும் போர்த்துகீசியப் பறங்கி கப்பலில் வந்து கொடுத்துவிட்டுப் போனது என்று இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. அந்த நோட்டுகள் என் மகனுக்கு உள்ளது என்று நான் ஒரு நாள் சண்டைக்குப் போனேன். ஏளா, அவன் கேக்கான், நான் சொல்லுதேன், உம் மவன் ஒரு நாளாவது கேட்டிருக்கானா என்று அப்பா சொல்லிவிட்டார்கள். கடல் பக்கமே வராதே, படி என்று உன்னை விரட்டியவர்களும் அவர்கள்தான் என்பது அப்போது அவர்களுக்கு நினைவில்லை. அதோடு மென்சாவை அவன் ஊரில் புதிதாகத் திறந்த காலேஜில் வருகிற அக்டோபரிலிருந்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தி வேறு வந்தது. என் மகனும் டாக்டர் பட்டம் வாங்கியவன்தானே, கெமிஸ்ட்ரி என்ன மட்டமா, அவனுக்கு மட்டும் ஏன் இன்னும் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற இடம் என்று நான் மாதாவிடமே கோபித்துக்கொண்டேன்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி திங்கட்கிழமை தபால்காரர் சங்கரபாண்டியன் வந்தார். உங்க மவன்ட்ட இருந்து ரெண்டு வந்திருக்கு, ஒண்ணு அந்த ஆப்பிரிக்காக்காரருக்கு, நல்ல கனமா இருக்கு என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்கு வந்தது ஒரே தாள், அதிலும் பாதி குளிரைப் பற்றி. அவனுக்கு வந்தது கையில் வைத்தாலே தெரிகிற பருமன். அப்பாவும் அவனும் பார் பார்க்கப் படகில் போயிருந்தார்கள். கடிதத்தை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். புதன்கிழமை தண்ணீரும் சாமானும் ஏற்றப் படகு துறைமுகத்துக்கு வந்தது, மென்சா வீட்டுக்கு வந்து எனக்குக் கடிதம் உண்டா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு ஒரு திருப்தி வந்தது, அதையும் உனக்கு மறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் படகு மணப்பாட்டுப் பக்கம் போயிற்று. வீட்டில் நானும் அந்தக் கடிதமும்தான். கடைசியில் உலை ஆவியில் காட்டிப் பிரித்தேன், ஓரம் கிழிந்துவிட்டது. ஆறு தாள், ஆறும் இங்கிலீஷ். பிரித்தும் பிரயோசனம் இல்லாமல் மே மூன்றாம் தேதி பின்தெருக் கிளாடிஸ் டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போனேன். பிறத்தியாருக்கு வந்த கடுதாசியப் படிக்கது தப்புக்கா என்று அவள் எவ்வளவோ சொன்னாள். என் மகன் எழுதினதுதான் என்று சொல்லி வாசிக்க வைத்தேன்.

அவள் வாசித்துச் சொன்னது இதுதான். பிப்ரவரியோடு உன் ஆராய்ச்சி இடம் முடிந்துவிட்டது, நீட்டிக்கவில்லை, நீ ஒரு மருந்துக் கம்பெனியில் புட்டி கழுவுகிறாய், அறை வாடகை கட்ட முடியாமல் மென்சாவின் சிநேகிதர்கள் இரண்டு பேரோடு இருக்கிறாய். ஒருவர் நைஜீரியாக்காரர், மண்ணை ஆராய்கிறவர், இன்னொருவர் சியரா லியோன்காரர், பழைய சரித்திரம் எழுதுகிறவர், அவர்களும் பட்டம் வாங்கிவிட்டு ஆறு மாத இடம், ஒரு வருஷ இடம் என்று அலைகிறவர்கள்தான், ஆனாலும் முறைவைத்து உனக்குச் சமைத்துப் போடுகிறார்கள். இதெல்லாம் மென்சாவுக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். அம்மாவிடம் சொல்லாதே என்று மறுபடியும் எழுதியிருக்கிறாய். பெற்றவள் பதறியிருக்க வேண்டும், நான் பதறவில்லை, முதலில் பொறாமைதான் வந்தது. உன் அறையை அவனுக்குக் கொடுத்தாய், அப்பாவை அவன் எடுத்துக்கொண்டான், போகட்டும் என்று இருந்தேன், உன் கஷ்டத்தையும் அவனுக்கா கொடுப்பாய், அது எனக்கு வர வேண்டியது இல்லையா என்று கிளாடிஸ் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அவள் அதற்குள் கடைசித் தாளை வாசித்துவிட்டு, அழுதது போதும்க்கா, இதக் கேளுங்க என்றாள். மென்சாவின் காலேஜில் கெமிஸ்ட்ரிக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ மனுப் போட்டிருக்கிறாய், உன்னோடு வேலை செய்தவன் என்று மென்சாவின் சாட்சிக் கடிதம் ஒன்று லண்டன் ஆபீசுக்கு மே ஆறாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். எட்டு நாளாக அது என் சேலைக்கு அடியில் கிடந்திருக்கிறது. மிச்சம் மூன்று நாள், இனிக் கடிதம் போய்ச் சேராது, தந்திதான்.

மறுநாள் முதல் பஸ்ஸில் திருச்செந்தூர் போய் அங்கிருந்து வண்டி பிடித்து மணப்பாடு போய்ச் சேர்ந்தேன். சிலுவைக் கோவிலுக்குக் கீழே மணலில் வெயிலோடு உட்கார்ந்திருந்தேன், சாயங்காலம்தான் படகு கரைக்கு வந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நான் மென்சாவிடம் கடிதத்தை நீட்டினேன். ஓரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நின்றபடியே ஆறு தாளையும் வாசித்தான். படிச்சீங்களா என்று கேட்டான். படிக்கச் சொல்லிக் கேட்டேன் என்றேன். பிறகு தந்தி எங்க குடுக்கணும் என்று மட்டும் கேட்டான். குலசேகரன்பட்டினத்தில்தான் என்று அப்பா சொன்னார்கள். அவனுக்குக் கடைசிப் பார் ஒன்று பாக்கி, விடிந்தால் படகு அங்கே போக வேண்டும், தாமதித்தால் காற்று திரும்பிவிடும், அதோடு இந்தப் பருவம் முடிந்தது. அவன் அதையெல்லாம் விட்டுவிட்டு வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் அவன் எழுதுகிறான் என்று பெருமையா என்று கேட்டேன். அவன் தனக்குத் தெரிந்த தமிழை ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்து, எங்க அம்மாக்கு நான் ஒரு தாள்தான் எழுதுதேன், நல்லா இருக்கேன்னு, உங்க மவனுக்குத்தான் ஆறு தாள் என்றான். தபாலாபீஸ் பூட்டியிருந்தது, தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி மறுநாள் காலையில் திறந்ததும் கொடுத்தோம், நீளமான தந்தி, அவனே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தான். நாங்கள் திரும்பி வருவதற்குள் படகு போய்விட்டது. படகில் இருந்த குளியாளி ஜேசுபாதம் குளித்துச் சிப்பி எடுத்து வர, அப்பா எண்ணி எழுதி வைத்தார்கள். ஆனால் தன் கண்ணால் பார்க்காததைக் கட்டுரையில் போட மாட்டேன் என்று அவன் அந்தப் பாரை விட்டுவிட்டான். அவன் எழுதப்போகிற ஆராய்ச்சியில் அந்த ஒரு பார் இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

போன சனிக்கிழமை அவன் பேருக்குத் தந்தி வந்தது. அவன் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்து நீங்க பிரிங்க என்றான். இடம் கிடைத்தது, செப்டம்பரில் பயணம், அம்மாவுக்கு நானே எழுதுகிறேன் என்று இருந்ததாம். நீ எழுதுமுன் நான் எழுதுகிறேன், அந்த மட்டிலாவது நான் முந்திக்கொள்கிறேன். அப்பா மேப்பை விரித்துக் காட்டினார்கள், உன் கப்பல் நம் பக்கம் வராதாம், லண்டனிலிருந்து நேரே தெற்கே போகுமாம். போகட்டும், முதல் லீவுக்கு வந்துவிட வேண்டும். அங்கே காய்ச்சல் அதிகம் என்று மென்சா சொல்கிறான், கொசுவலை இல்லாமல் படுக்காதே, கொயினா மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடு. அந்த நைஜீரியாக்காரரையும் சியரா லியோன்காரரையும் மறந்துவிடாதே, அவர்களுக்கும் நிலையாக ஓர் இடம் வரட்டும் என்று ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறேன், மென்சா பேரையும் சேர்த்துத்தான்.

இன்னும் ஒன்று. மென்சாவின் தாய் கோல்டு கோஸ்டில் எல்மினா என்ற ஊரில் இருக்கிறாளாம், லீவு நாளில் உன்னைத் தன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி இவன் தந்திக்கு மறுதந்தியே கொடுத்துவிட்டாளாம், உனக்காக ஓர் அறையை வெள்ளையடிக்கப்போகிறாளாம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இவனை நான் அம்மா என்று கூப்பிட விட்டதே இல்லை, வந்த அன்றைக்கே மாமி என்று சொல்லச் சொன்னேன். நீயும் அவளை மாமி என்றே கூப்பிடு, அவர்கள் பாஷையில் அதற்கு என்ன சொல் என்று இவனிடம் கேட்டு எழுதுகிறேன். அவள் போடுகிறதைச் சாப்பிடு, மிச்சம் வைக்காதே, சொன்ன பேச்சைக் கேள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லு, கொஞ்சம் கூட்டியே சொல்லு. அந்த அம்மாளும் ஒரு நாளாவது என்னை நினைத்துப் பொறாமைப்பட வேண்டும்.

சர்வேசுரன் உன்னை நீரிலும் நிலத்திலும் காப்பாராக. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். புட்டி கழுவின கையைச் சேசுவே தொட்டு ஆசீர்வதிக்கட்டும்.

உன் தாய்
மரியசெல்வி