இந்தச் சனிக்கிழமை எங்கே போனாய்?

நேற்று அம்மா என் குளிர்கோட்டை எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டாள். களமருதூரில், சித்திரை வெயிலில், முழங்கால் வரை நீளும் கறுப்புக் கோட்டு ஒன்று தொங்குவதைப் பார்த்துத் தெருவில் போனவர்கள் நின்று சிரித்தார்கள். "இத மாட்டிக்கினு நீ களையெடுக்கப் போனா காக்கா கிட்ட வராது" என்றார் அப்பா. சாயங்காலம் மடித்து வைக்கும்போது உள்பையில் கை விட்டேன். ஒரு கடுக்காய் இருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நீ என் கையில் ஒரு பை நிறையக் கொடுத்தாயே, அதில் மிஞ்சிய ஒன்று. "தொண்ட கட்டுச்சின்னா ஒடச்சி ஒரு துண்டு வாயில அடக்கிக்க. அந்த ஊர்ல டாக்டர் பாக்கறதுக்குள்ள உனக்கே சரியாப் போயிடும்." ஜெர்மனியில் முதல் இரண்டு குளிர்காலம் அதைத்தான் சப்பிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரன் ஒருவன் என்ன என்று கேட்டு, ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டு, அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்காரவே இல்லை. இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் இல்லை. உன்னிடம் சொன்னதில் எது நடந்தது, எது நடக்காதது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

படிப்பு முடித்து, அங்கே வேலை தேடி அலுத்து, ஊருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று காலை வரைக்கும் நான் உங்கள் மலைக்கு வரவில்லை. பஸ் இல்லையா, நேரம் இல்லையா? இரண்டும் இருந்தன. உன் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

நாம் கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், வகுப்பில் எட்டுப் பேரை நீ மலைமேல் உன் ஊரான கரியாலூருக்குக் கூட்டிப் போனாய். சனி, ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்களுக்கு அருவி காட்டுவதுதான் அப்போதே உனக்கு வேலை. கடைசி வளைவில், அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால், எல்லோரையும் நிறுத்தினாய். "கண்ண மூடுங்க. மொதல்ல காதால பாருங்க" என்றாய். ஏதோ சாமி கும்பிடச் சொல்கிறாய் என்று நினைத்து நான் கையைக்கூடக் கூப்பினேன். நீ என் தலையில் தட்டினாய். "டேய், பக்தி இல்லடா. சத்தம் எப்படி வருதுன்னு கேளு. ஒரே சீரா வந்தா பாறைமேல போலாம். நடுவுல தம்மு தம்முன்னு அடிச்சா மேல மழ, ஒருத்தனும் எறங்கக் கூடாது." அன்றைக்குத் தம்மு தம்மென்று அடித்தது. எட்டுப் பேரும் உன்னைத் திட்டிக்கொண்டே கரையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம். அரை மணி நேரத்தில் நாங்கள் நிற்க ஆசைப்பட்ட பாறையின் மேல் தண்ணீர் போனது.

நான் ஜெர்மனிக்குக் கிளம்பும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் நான் சுத்திக் காட்டறேன். எனக்கு எவன்டா காட்டனான்? விழுப்புரத்தத் தாண்டி ரெண்டு வாட்டி போயிருக்கறேன். நீ போய் எனக்குக் காட்டு. வாரா வாரம், சனிக்கிழமைக்கு சனிக்கிழமை." ராத்திரியில் அந்த ஊர் எப்படி இருக்கும், ஆடுகிற இடமெல்லாம் இருக்கிறதாமே, அதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றாய். சரி என்று பஸ் ஏறினேன்.

அங்கே போய் முதல் மாதம் வகுப்புக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் வெளியே அழைத்துப் போனார்கள். உயரமான மேசையைச் சுற்றி நின்றுகொண்டே குடித்தார்கள், சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்று எனக்குப் புரிவதற்குள் அடுத்த சிரிப்பு வந்துவிடும். ஆப்பிள் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை அழைத்தபோது தலைவலி என்றேன். அதற்கடுத்த முறையும் தலைவலி. பிறகு அவர்கள் அழைக்கவில்லை, குற்றம் அவர்களுடையது இல்லை. வகுப்பு, விடுதி அறை, சோறு, தூக்கம். ஒரு வாரத்தில் நான் வாய் திறந்து பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கடன் வாங்கிப் படிக்க வந்தவன் தனியாக இருக்கிறது என்று அழுதால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். உன்னிடம்கூடச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனால் சனிக்கிழமை வந்தால் உன் குரல் வந்துவிடும். "இன்னாடா, இந்த சனிக்கெழம எங்க போன?"

கார்த்திகை, மார்கழியில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவேன். விளக்குத் தோரணம், பழைய சர்ச்சுக் கோபுரம், மூடிக் கிடக்கும் நடனக்கூடத்தின் சிவப்புப் பலகை என்று நாலு படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடுவேன். விடுதியின் அடித்தளத்தில் துணி துவைக்கும் அறை. அந்தக் கட்டடத்தில் கதகதப்பான இடம் அதுதான். மிஷின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு ஃபோன் போட்டு, நடனக்கூடத்தில் இருப்பதாகச் சொல்வேன்.

"பின்னாடி இன்னாடா கடகடன்னு?"

"மியூசிக்டா."

"மிசின் ஓடற மாதிரி கீது."

"இங்க மியூசிக்கே அப்பிடித்தான்டா."

"ஓகோ" என்பாய். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இப்ப இன்னொரு பக்கமா சுத்துது" என்று ஒரு நாள் சொன்னாய். பாட்டு மாறிவிட்டது என்றேன். நீ ரொம்ப நேரம் இருமிக்கொண்டிருந்தாய். அது சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.

படத்தில் நான் இல்லை என்பது உனக்கு ஒரு குறை. "ஊரே கீது, உன்னத்தான் காணோம். அடுத்த வாரம் நீ கீற மாதிரி ஒண்ணு அனுப்பு." இதனால் கோபுரத்தின் முன்னால் போய் நின்று, வழியில் போன ஒரு கிழவரிடம் ஃபோனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொன்னேன். அவர் பத்துப் படம் எடுத்தார், என்னை நகரச் சொன்னார், தொப்பியைக் கழற்றச் சொன்னார், எந்த ஊர் என்று கேட்டார். அந்த மாதத்தில் வகுப்புக்கு வெளியே ஒரு மனிதர் என்னோடு பேசியது அதுதான்.

கோடை வந்ததும் என் சூழ்ச்சி கெட்டது. ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம். உனக்கு இருட்டில் ஒரு படம் அனுப்ப வேண்டுமென்றால் அதுவரை நான் வெளியே கிடக்க வேண்டும். ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்திருப்பேன். பையன்களும் பெண்களும் புட்டிகளோடு வந்து உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார்கள். யாரோ ரொட்டித் துண்டு நீட்டுவார்கள், வாங்கிக்கொள்வேன். உன்னால் சபிக்கப்பட்டு அங்கே உட்கார்ந்திருப்பதாகத்தான் அப்போது நினைத்தேன். உண்மையில் அங்கே இருந்த காலத்தில் நான் மூச்சு விட்டது அந்தக் கரையில்தான்.

அந்தக் கோடைக்குச் சற்று முன்னால், சித்திரையில், நீயும் படம் அனுப்ப ஆரம்பித்தாய். அருவி. வெள்ளையாக, அகலமாக, பாறையை மறைத்துக்கொண்டு கொட்டும் அருவி. "செமயா கொட்டுதுடா. கூட்டம் ஜாஸ்தி, ஒக்கார நேரமில்ல" என்று எழுதியிருந்தாய். படத்தை அறைச் சுவரில் ஒட்டினேன். ஃபோனில் பேசும்போது உனக்குப் பின்னால் ஏதோ உர்ரென்று ஓடும், நடுவில் பீப் பீப் என்று கேட்கும். என்னடா என்றால், பஜ்ஜிக் கடை ஜெனரேட்டர் என்பாய். குரல் ஏன் கம்மியாக இருக்கிறது என்றால், கத்திக் கத்திக் கூட்டத்தை மேய்ப்பதால் தொண்டை போய்விட்டது என்பாய். கடுக்காய் சப்புடா என்று உனக்கே நான் வைத்தியம் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு முறை, நிஜமாகவே, நடனக்கூடத்துக்குள் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, அன்றைக்கு அறைக்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை. வாசலில் ஃபோனை வாங்கி, கேமரா கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம். தூணுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு காலைத் தட்டினேன். பிறகு, எங்கள் ஊர்த் திருவிழாவில் மேளத்துக்கு முன்னால் ஆடுகிற அதே ஆட்டத்தை ஆடினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இடம் விட்டார்கள். விடியும்போது வெளியே வந்து உனக்கு ஃபோன் செய்து, படம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நீ குறுக்கே பேசாமல் கேட்டாய்.

"இத நம்பறேன்" என்றாய்.

"அப்ப இத்தினி நாளா நம்பலயா?"

"ஃபோன வைடா, கூட்டம் வந்துடுச்சி."

அந்த ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மார்கழியில் அப்பா கூப்பிட்டார். "உன் கூட்டாளி போயிட்டானாம்டா. கிட்னி போயிடுச்சாம். ஒரு வருசமா கீழ ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கினு இருந்தானாம். உனக்குத் தெரியாதா?" எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு சனிக்கிழமை வந்தால் நான் கோட்டைத் தொடுவதில்லை. யாரும் கேட்காத ஊரில் எங்கே போய் என்ன ஆகப்போகிறது? அடுத்த வருடம், நான் அங்கிருந்த கடைசிக் குளிர்காலத்தில், எலவனாசூர்கோட்டைப் பெண் ஒருத்தி அதே விடுதிக்குப் படிக்க வந்தாள். ரயில் நிலையத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் வைத்ததோடு சரி. இப்போதும் எப்போதாவது செய்தி அனுப்புவாள், எல்லாம் நன்றாக இருக்கிறது அண்ணா என்று. நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு விட்டுவிடுவேன்.

இன்று சனிக்கிழமை. காலையில் கடுக்காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலை பஸ் ஏறினேன். கரியாலூரில் இறங்கியும் உன் வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. அருவிப் பக்கம் நடந்தேன். கடைசி வளைவில் தானாக நின்றேன். கண்ணை மூடினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பறவை கத்தியது. தூரத்தில் யாரோ விறகு வெட்டினார்கள். தண்ணீர்ச் சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்து வளைவைத் தாண்டினேன். வறண்ட பாறை. ஓரத்தில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஈரம் வடிந்துகொண்டிருந்தது. சித்திரை. விவசாயி வீட்டுப் பிள்ளை நான். சித்திரையில் எங்கள் ஊர்க் கிணற்றிலேயே தண்ணீர் பாதாளத்தில் கிடக்கும், அருவி எப்படிக் கொட்டும் என்று நான் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அதற்கு முந்தைய ஐப்பசியில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாய். ஒரு முறைகூட வீடியோ அனுப்பவில்லை. உன் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் எது என்று அந்தப் பாறையில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. முதலில் காதால் பார் என்று எனக்குச் சொன்னவன் நீ. ஒரு வருடம் உன் பக்கத்தில் ரத்தம் சுத்தம் செய்யும் அந்த மிஷின் ஓடியது, நான் கேட்கவே இல்லை. என் பொய்யைச் சோடிப்பதில் அவ்வளவு மும்முரமாக இருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்து உன் வீட்டுக்கு நடந்தேன். உன் அக்கா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "வா, சாப்ட்டியா?" என்றாள். சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

"அவன் ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ படிப்ப வுட்டுட்டு வந்து நிப்பன்னான்."

"நான் சொன்ன கதையெல்லாம்..."

அவள் சிரித்துவிட்டாள். "துணி தொவைக்கிற மிசின் பக்கத்துல குந்திக்கினு டான்ஸ் ஆடறேன்னு சொல்றான்க்கான்னு சொல்லி, ஊசி போட்ட கையோட சிரிப்பான். நர்சு வந்து அதட்டும். நான்தான் ஒரு நாள் கேட்டேன், பொய்யின்னு தெரியுது இல்ல, அப்பறம் ஏன்டா வாரா வாரம் அவனப் போட்டு எங்க போன எங்க போனன்னு நோண்டறன்னு." புளியங்கொட்டையை ஒதுக்கித் தள்ளினாள். "அவன் அங்க தனியா கீறான்க்கா, சொல்ல வெக்கப்பட்டுக்கினு கீறான். போட்டோ கேட்டாத்தான் ரூம வுட்டு வெளிய வருவான், அதுக்குத்தான் கேக்கறேன்னான்."

நான் கை கழுவ எழுந்து போய் நீண்ட நேரம் கழுவிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவள் ஒரு பையில் கடுக்காய் போட்டுக் கொடுத்தாள்.

மலையிறங்கி வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக எலவனாசூர்கோட்டைப் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். அங்கே மாலை நேரம்.

"என்னம்மா, இந்தச் சனிக்கெழம எங்க போன?"

அவள் கொஞ்சம் தடுமாறினாள். "இங்கதான்ணா, சர்ச்சு பக்கத்துல. ஃப்ரெண்ட்ஸோட வந்திருக்கேன். செம கூட்டம், ஜாலியா இருக்கு."

நான் கண்ணை மூடிக் கேட்டேன். கூட்டம் இல்லை. கடகடவென்று ஒன்று சுற்றியது, நின்றது, மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கியது. அந்தப் பெஞ்சு எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் ஒரு கால் ஆடும்.

"அப்பிடியா, நல்லா சுத்திப் பாரு. அந்தக் கோபுரத்துகிட்ட நீ நிக்கற மாதிரி ஒரு போட்டோ வேணும் எனக்கு" என்றேன். "யார்கிட்டயாவது குடுத்து எடுக்கச் சொல்லு. அடுத்த சனிக்கெழம கூப்புடுவேன்."

மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெஜமா கூப்புடுவீங்களாண்ணா?" என்றாள்.

கூப்பிடுவேன் என்றேன்.