பன்னிரண்டு மரை

இந்தத் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்தால், தயவு செய்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பாவிடம்.

என் பொன்னு அம்மாவுக்கு,

உன் சேலைப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணச் சேலையின் ஓரத்தில் டீசல் கறை பட்டுவிட்டது. கோபப்படாதே. ஏன் திறந்தேன் என்று சொல்கிறேன்.

நம் சபை வளாகத்தில், பழைய அச்சகத்தை ஓட்டிய இங்கிலாந்து எஞ்சின் தகரக் கூரைக்கடியில் துருப்பிடித்துக் கிடக்குமே, அதை இந்த வருஷ அசன விருந்தில் ஓட்டிக் காட்டவேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். நாளைக்குத்தான் அசனம். பிரித்துப் பார்த்தபோது, உள்ளே பெரிய தண்டைப் பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டும் கெட்டிருந்தன. ஒன்று முறிந்தே போயிருந்தது. அந்த மாதிரி போல்ட் கடையில் கிடைக்காது. நம் லேத்தில்தான் கடைந்து எடுக்கவேண்டும்.

கமிட்டியில் டேவிட் மாமா எல்லார் முன்னாலும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஓய், லேத்துல நின்னது ஒமக்க பெண்டாட்டி. நீரு கல்ஃபுல பம்பு கழுவுன ஆளு. ஒம்மால ஒக்குமா?"

"ஒக்கும் வேய். நீரு அசனத்துக்கு வாற சனத்துக்குச் சோறு தெகையுமான்னு பாரும்" என்று அப்பாவும் சிரித்தார். ஆனால் வீடு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் லேத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

போல்ட்டுகளைக் கடைந்துவிட்டார், அம்மா. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. மாட்டும்போது நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். போல்ட்டின் மரை இரண்டு சுற்று கையால் போனது. அப்புறம் நின்றுவிட்டது. அப்பா ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினார். கிறீச் என்று ஒரு சத்தம். கையால் போகாத மரைக்கு ஸ்பானர் போடாதே என்று நீ எத்தனை பேரை விரட்டியிருக்கிறாய்?

மீந்த போல்ட் ஒன்றில் உன் மரை கேஜை வைத்து அளந்து பார்த்தேன். பல்லுப் பல்லாக இருக்கும் அந்தத் தகடுகளில், இஞ்சுக்குப் பதிமூன்று மரை என்ற தகடு அச்சாகப் பொருந்தியது. முறிந்த பழைய போல்ட்டின் அடியில் துரு தின்னாத மரை கொஞ்சம் இருந்தது. அதில் பதிமூன்று உட்காரவில்லை. பன்னிரண்டு உட்கார்ந்தது. கல்ஃபில் அப்பா பார்த்ததெல்லாம் அமெரிக்கப் பம்புகள். அவற்றில் அரை இஞ்சு போல்ட் என்றால் பதிமூன்று மரை; இங்கிலாந்துக் கணக்கில் பன்னிரண்டு. அந்தப் பழக்கத்திலேயே வெட்டிவிட்டார்.

சொன்னேன், அம்மா. "அப்பா, இது பன்னெண்டு. நீங்க பதிமூணு வெட்டியிருக்கீங்க" என்றேன்.

"ஏட்டி, ஒனக்குப் பரீட்சை இல்லியா? பழைய சாமான்னா கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும். நீயும் ஒனக்க அம்மையப் போல என்னைத் திருத்த வாறியா?"

கேஜை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

எஞ்சின் ஓடினால் மொத்த இழுப்பும் அந்த இரண்டு போல்ட்டில்தான். மரை பிய்ந்தால் தண்டு இரும்பை உடைத்துக்கொண்டு வெளியே வரும். கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பப் போவது அப்பா. சுற்றி நின்று கைதட்டப் போவது சண்டே ஸ்கூல் பிள்ளைகள்.

போதகரிடம் சொல்லலாம். சொன்னால் டேவிட் மாமா மைக்கிலேயே அப்பாவைக் கிழித்துவிடுவார். நீ கர்த்தரிடம் போனபிறகு, இந்த வேலையின்போதுதான் அப்பா விசிலடித்ததைக் கேட்டேன். அதை நான் எப்படிக் கெடுப்பது?

அதனால்தான் அந்த இரும்புக் கைப்பிடியைக் கொண்டுவந்து உன் சேலைகளுக்கடியில் ஒளித்தேன். காணவில்லை என்றதும் டேவிட் மாமா போனிலேயே கத்தினார். "விடும் ஓய், கொளச்சல்ல எனக்க மச்சானுக்க ஐஸ் பிளாண்ட்ல ஒண்ணு கெடக்கு. காலையில கொண்டுவாறேன்." நான் ஒளித்ததற்கு என்ன பலன்?

அப்பா இன்றைக்குச் சாளை மீன் குழம்பைத் தொடவே இல்லை. நான் மேசையில் விட்டுவந்த மீந்த போல்ட்டை இடது கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "கைப்பிடியக் கண்டியா மக்களே?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். என் கையில் டீசல் வாசனை. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பயமாக இருக்கிறது, அம்மா. என்றாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். விடிந்ததும் கைப்பிடியை அவரிடமே கொடுப்பேன். அடித்தாலும் சரி. "நீங்க எஞ்சினைக் கிளப்புங்க, நான் பக்கத்துலயே நிக்கேன்" என்று சொல்வேன். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அப்பா அதைச் சுற்றுவாரா? மனதில் துளி சந்தேகம் இருந்தாலும் சுற்றமாட்டார். அதை மட்டும்தான் நம்பியிருக்கிறேன்.

உன் செல்ல மகள்,
ஜெனி

அம்மா, கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. அப்பாதான்.

"மக்களே, ஒறங்கிட்டியா? அம்மைக்க அந்த மரை கேஜ் எங்கட்டி?"

கைப்பிடியைக் கேட்கவில்லை, அம்மா. கேஜைக் கேட்கிறார்