மஞ்சள் அறையில் பார்த்த வெள்ளை

மார்ச் 3, செவ்வாய்

லேபில் தலை சுற்றியது. விழவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். தீக்குச்சி ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். பக்கத்து மேஜைக்காரி, ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள், அதனால் அந்தப் பெயர்.

"அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னு எட்டு மாசம் ஆச்சுக்கா. தின்னர் வாசனையை இப்படிக் குடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே."

"எனக்குப் பழகிடுச்சுடி."

"உங்களுக்குப் பழகிடுச்சு. உள்ள இருக்கிறதுக்கு?"

முப்பது வாரம் ஆகிவிட்டது. எட்டு மாதமாக அந்த ஃபேனைத் தினமும் பார்க்கிறேன், ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா?

மார்ச் 5, வியாழன்

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். பெயிண்ட் கம்பெனியில் ஷேடு பார்க்கிறேன் என்றேன். அப்படியென்றால்? ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் எடுத்துத் தகட்டில் பூசுவோம், காய்ந்த பிறகு எங்களிடம் இருக்கும் மூலத் தகட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், இரண்டும் ஒன்றுதான் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் டின் வெளியே போகும். மெஷின் நம்பர் சொல்லும்; கடைசி வார்த்தை கண்ணுக்கு.

"காய்ஞ்ச தகட்டைப் பார்க்கிறதுக்கு ஈரப் பெயிண்ட் பக்கத்துல ஏன் நிக்கணும்?" என்றார்.

இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவே இல்லை. அவரே கடிதமும் எழுதிக் கொடுத்தார்: காற்றோட்டம் இல்லாத அறையில் வேலை கூடாது.

கடிதம் பைக்குள் இருக்கிறது. நாளைக்குக் கொடுக்க வேண்டும். பையைத் திறந்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன், வேண்டாமென்று தோன்றுகிறது, இன்னும் பத்து வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று. இவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் பெல்ட் போடாம பத்து நிமிஷம் மட்டும் இறங்கிட்டு வரேன்னா விடுவியா?" என்றார். சண்டை போடலாம் என்று பார்த்தேன். பாயின்ட் கிடைக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

கொடுத்துவிட்டேன்! காய்ந்த தகடுகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றும் கேட்டுவிட்டேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கிறதா? இது என்னம்மா டைப்பிங் வேலையா? கண்ணால பார்க்கிற வேலை."

"கண்ணு எங்கிட்டதான சார் இருக்கு."

வாய் சும்மா இருக்காதே எனக்கு. தீக்குச்சிக்கு வெளியே கேட்டிருக்கிறது, சிரிப்பை அடக்க இருமினாள்.

கடைசியில் இறங்கி வந்தார். ஒரு மாதம் பார்க்கலாம். காய்ந்த தகடுகளை வேன் டிரைவர் காலையில் கொண்டுவருவார், சாயங்காலம் எடுத்துப்போவார். "ஆனா ஒரு பேட்ச் தப்பாப் போச்சுன்னாலும் அன்னிக்கோட சரி. இங்க வந்து பாருங்க, இல்ல சம்பளமில்லாத லீவு. கையெழுத்து வேற ஆளுக்கு."

கையெழுத்து வேறு ஆளுக்கு. இதற்குப் பயந்துதான் ஐந்து மாதம் பெரிய சைஸ் லேப் கோட்டு போட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்தேன். எனக்கு முன் அந்த மேஜையில் இருந்தவர் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது பேக்கிங்கில் லேபிள் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார், ஆறு மாதம். அப்புறம் வரவில்லை. அந்தக் கையெழுத்து என் கைக்கு வர ஒன்பது வருஷம் ஆனது. விடமாட்டேன்.

மார்ச் 16, திங்கள்

வீட்டில் முதல் நாள். பாப்பாவுக்கென்று ஒதுக்கிய அறையில்தான் நேர் வெயில் விழாத ஜன்னல் இருக்கிறது. ஷேடு பார்க்க அந்த மாதிரி வெளிச்சம்தான் வேண்டும். ஜன்னலோரம் மேஜை, முதுகுக்கு இரண்டு தலையணை, காலுக்கு ஒரு முக்காலி.

இவருடைய அக்கா ஒத்தாசைக்கு வந்திருக்கிறார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். "ரெண்டு வெள்ளைத் தகட்டை வெச்சிக்கிட்டு இவ்ளோ நேரமா என்னம்மா பார்க்கிற?"

"ஒண்ணா இல்லையான்னு பார்க்கிறேன்க்கா."

"ஒண்ணுதான். நான் சொல்லிட்டேன். வந்து படு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

மார்ச் 18, புதன்

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. மத்தியானம் அரை மணி தூக்கம். தலை சுற்றவே இல்லை. தின்னர் வாசனை இல்லாமல் மூக்குக்கே வேலை போன மாதிரி இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

இதுவரை பதினேழு பேட்ச். எல்லாம் சரி. மேனேஜர் போனில் "ம்" என்றார். அவருடைய அகராதியில் அது பாராட்டு.

மார்ச் 27, வெள்ளி

ஐயோ.

நேற்றுச் சாயங்காலம் வராத வேன் டிரைவர் அண்ணன் இன்று காலையில் வந்தார். நேற்று நான் போனில் ஓகே சொன்ன வெள்ளை, ஆஸ்பத்திரிச் சுவருக்குப் போகிற வெள்ளை. தகடுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெளி வெளிச்சத்தில் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் ஒன்றில்லை. பேட்ச் தகட்டில் மஞ்சள் கூடியிருக்கிறது. யாருக்கும் தெரியும், அக்காவுக்குக்கூடத் தெரிந்தது. "இது கொஞ்சம் பழுத்த மாதிரி இருக்கே" என்றார்.

அறைக்குள் ஓடினேன் (ஓட்டமா அது, உருண்டேன்). உள்ளே ஒன்று. வெளியே வேறு. உள்ளே ஒன்று. வெளியே வேறு.

சுவர்! போன மாதம் பாப்பாவுக்காக அடித்த மஞ்சள். நானே தேர்ந்தெடுத்து, நானே கலவை சொல்லி, இவர் இரண்டு கோட்டு அடித்து, வாசனை போகிற வரை அக்கா வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். நாலு சுவரும் வெளிச்சத்தையே மஞ்சளாக்கிவிட்டன. மஞ்சள் வெளிச்சத்தில் தகட்டில் இருக்கிற மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது. முதல் மாதமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. நான் அதைத் தீக்குச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! ஊருக்கெல்லாம் ஷேடு சொல்கிறவள் தன் வீட்டுச் சுவரைப் பார்க்கவில்லை.

நானூறு டின். லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் டிரைவர் அண்ணன். பேசாமல் இருந்தால்? சுவரில் அடித்த பிறகு யார் தகட்டை வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நிமிஷம் அப்படியும் நினைத்தேன். எழுதிவைக்கிறேன், நினைத்தேன்தான்.

போன் போட்டேன். "சார், லாரியை நிறுத்துங்க. தப்பு என்னோடது."

"நிறுத்தறேன்." வைத்துவிட்டார்.

மார்ச் 28, சனி

திங்கட்கிழமை லேபுக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. இல்லையென்றால் லீவு. ஃபேன் இன்னும் ஓடவில்லை என்று தீக்குச்சி சொன்னாள்.

போகமாட்டேன். நானே முடிவு செய்தேன். கையெழுத்து போகட்டும்... போகட்டும் என்று எழுதுகிறேன், கண்ணில் தண்ணி நிக்க மாட்டேங்குது. ஒன்பது வருஷம்டி. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார். ஜோக் அடிக்காமல் அவர் இருந்தது அப்போதுதான்.

மதியம் ஒரு யோசனை வந்தது. லீவுக்கு எழுதுவதுதான் எழுதுகிறோம், முழுசாக எழுதுவோம் என்று தலைமை ஆபீசுக்கே மெயில் எழுதினேன். தப்பு எப்படி நடந்தது, ஏன் வீட்டில் உட்கார்ந்தேன், ஃபேன் எத்தனை மாதமாக ஓடவில்லை, டாக்டர் என்ன சொன்னார். யாரையும் திட்டவில்லை. இரண்டு இடத்தில் திட்டியிருந்தேன், இவர் அழித்துவிட்டார்.

மார்ச் 31, செவ்வாய்

தலைமை ஆபீசிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கே வந்தார். நடுத்தர வயது அம்மா, கையில் அளவு நாடா. வந்ததும் நாற்காலி உயரத்தை அளந்தார், மேஜையை அளந்தார், கால் வைக்கிற முக்காலியை அளந்தார். "என்னையும் அளந்துடுவாங்களோ" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

அப்புறம் சுவரைப் பார்த்தார், தகடுகளை வாங்கி உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பார்த்தார். "தப்பு கண்ணுல இல்ல. ரூம்ல. ரூமைச் சரி பண்ணலாமே?"

"எங்கிட்ட யாரும் அப்படிக் கேக்கல மேடம்."

"நான் கேக்கறேன்."

கர்ப்பிணிகள் எந்த இடத்தில் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து எழுத ஒரு ஃபாரம் கம்பெனியில் ஆறு வருஷமாக இருக்கிறதாம். இதுவரை ஒன்றுகூட நிரப்பப்படவில்லை. "யாரும் சொல்றதில்ல, நாங்களும் கேக்கறதில்ல" என்றார். போகும்போது லேபுக்கும் போகிறேன் என்றார், அளவு நாடாவோடு.

ஏப்ரல் 4, சனி

சுவரை மறுபடி அடிக்க முடியாது, எனக்கு வாசனை ஆகாது. அதனால் இவர் பெட்டி செய்கிறார். மூன்று பக்கமும் மேற்புறமும் மூடிய பலகைப் பெட்டி. பலகைகளுக்குக் கம்பெனியிலேயே சாம்பல் நிறம் அடித்து, காய்ந்த பிறகு வேனில் அனுப்பினார்கள். உள்ளே பகல் வெளிச்ச டியூப். அதற்குள் தகடுகளை வைத்தால் சுவரின் மஞ்சள் அண்டாது.

"பிள்ளை வரப்போற ரூம்ல சாம்பல் பெட்டியா? நல்லா இருக்கு உங்க அழகு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஸ்க்ரூவைப் பிடித்துக் கொடுத்தது அவர்தான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பரீட்சை. மேனேஜரே வந்தார், பன்னிரண்டு ஜோடித் தகடுகளோடு. எது தப்பு, எத்தனை தப்பு என்று சொல்லவில்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாப்பா வேறு சரியாக அந்த நேரம் பார்த்து விக்கல் எடுக்கிறது, வயிறு துள்ளுகிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று தப்பு என்று எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நாலாவது ஒன்றையும் எடுத்து வைத்தேன்.

"அது சரியானதும்மா. நானே செக் பண்ணிக் கொண்டுவந்தேன்."

"இல்ல சார். கொஞ்சம் சிவப்பு ஜாஸ்தி."

வாசலுக்கு எடுத்துப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிவப்புதான்" என்றார்.

அக்கா உள்ளேயிருந்து கை தட்டினார். வெட்கமாகப் போய்விட்டது, சந்தோஷமாகவும் இருந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

தபாலில் கடிதம். பிரசவம் வரை வீட்டிலிருந்தே வேலை. விடுப்பில் தீக்குச்சி என் இடத்தில் கையெழுத்துப் போடுவாள். திரும்பியதும் அதே மேஜை, அதே பொறுப்பு. எழுத்தில் இருக்கிறது. நாலு தடவை படித்தேன். மேனேஜர் கையெழுத்து கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

மே 11, திங்கள்

பெண். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அழுகை மட்டும் முழு எடை.

ஜூன் 28, ஞாயிறு

தீக்குச்சி வந்தாள். சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கினாள். லேப் கதையெல்லாம் சொன்னாள். புது ஃபேன் போட்டு ஒரு மாதம் ஆகிறதாம், அது போடுகிற சத்தத்தில் ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதாம்.

அப்புறம் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எனக்கு ஏழு வாரம்க்கா" என்றாள்.

கட்டிப்பிடிக்கப் போனேன், நடுவில் பாப்பா. கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினேன். உடனே குரலைத் தாழ்த்தினேன். வீட்டில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம், இருந்தும் தாழ்த்தினேன். "ஆபீஸ்ல தெரியாதுல்ல?"

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேனே. எங்க வீட்ல இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன்."

"மேனேஜர் என்னடி சொன்னார்?"

"டிராயர்ல இருந்து ஒரு ஃபாரம் எடுத்துக் குடுத்தார். நாளையிலேர்ந்து எனக்கு லேபுக்கு வெளிய மேஜை. தகடெல்லாம் காய வெச்சு அங்க அனுப்பிடுவாங்க." பாப்பாவின் சட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள், மழை நின்றுவிட்டது என்று சொல்கிற மாதிரி. "ஏன்க்கா அப்படிப் பார்க்கிறீங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.