மெஷின் என்று நான் டிக் அடித்த பதில்

செவ்வாய், இரவு.

எங்கள் கம்பெனியின் புது ஏ.ஐ. மாடல் அடுத்த வாரம் வெளிவருகிறது. அது மனுஷர் மாதிரிப் பேசுகிறதா என்று எங்களை வைத்துச் சோதிக்கிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வரும். ஒன்று மாடல் எழுதியது, இன்னொன்று எங்கள் ஆபீசில் யாரோ எழுதியது. மெஷின் எது என்று டிக் அடிக்க வேண்டும்.

இன்றைய கேள்வி, கணவரை இழந்தவள் எப்படித் தாங்குவது என்பது. முதல் பதிலைப் படித்து எனக்கே கண் கலங்கியது. இரண்டாவதில் மூன்றே வரி. 'நேரத்துக்குச் சாப்பிடுங்க. அவர் சட்டையை உடனே துவைச்சுப்போடாதீங்க. வேற ஒண்ணும் தெரியலைங்க.'

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்க, இந்த மெஷினுக்குக் கொஞ்சம் ஆயில் போடுங்க. துக்கம் கேக்கச் சொன்னா துணி துவைக்கறதப் பேசுது!" என்று கத்தினேன். ஹாலே சிரித்தது.

பக்கத்து சீட் ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. "அது நான் எழுதினதுங்க்கா," என்றாள்.

போன வருஷம்தான் அவள் வீட்டுக்காரரைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "உடுங்க்கா. அந்த இன்னொண்ணு நல்லாத்தான் இருக்குது. அன்னைக்கு எங்கிட்ட யாருமே இப்படிப் பேசலைங்க," என்றாள். அன்றைக்கு நான் அவளிடம் கேட்டது, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று மட்டும்தான்.

இப்போது மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அடித்தேன். அழகான தமிழ், ஒரு பிழை இல்லை. திரும்பப் படித்தால் மெஷின் எழுதியது போலவே இருக்கிறது. அழித்துவிட்டேன்.

அவள் பெயருக்குக் கீழே இன்னும் 'ஆன்லைன்' என்றே காட்டுகிறது.