மூடிய அறையில் கரி நெருப்பு: பனிக்கால எச்சரிக்கை வேண்டி

அனுப்புநர்:
ஃபிர்தௌஸ், க/பெ. ஷாரிக்,
கிளிஞ்சல் சந்து,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்:
மண்டல நல அலுவலர் அவர்கள்,
திருவொற்றியூர், சென்னை.

பொருள்: பனிக்காலத்தில் மூடிய வீட்டுக்குள் கரி மூட்டுவதன் ஆபத்தை மக்களுக்கு அறிவிக்கவும், எங்கள் சந்தில் இறங்கும் ஆலைப்புகையைச் சோதிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. மகள் சைமா பிறந்து இன்னும் நாற்பது நாள் கழியவில்லை.

2. மார்கழி விடியலில் பனியோடு ஆலைப்புகையும் சந்துக்குள் இறங்கி நிற்கிறது. ஜன்னலைத் திறந்தால் கண் எரியும். குழந்தை மூச்சுத் திணறும். அதனால் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். சென்ற வாரம் ஒரு நாள் காலை, குழந்தையின் பாதம் சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்த என் கணவர், கரியை வாசலில் வைத்துக் கனியவிட்டு, புகை அடங்கிய பிறகே இரும்புச் சட்டியோடு உள்ளே கொண்டுவந்தார். "பொகையே இல்ல, பயப்படாத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் தாழிட்டுப் படுத்தேன். தலை கனத்தது. தூக்கம் என்று நினைத்தேன்.

3. மீதியைப் பக்கத்து வீட்டில் மீன் விற்கும் நர்மதா அக்கா சொல்லித்தான் அறிந்தேன். "கொயந்த அழுவுற சத்தமே காணோம், அதான் பேஜாரா பூட்ச்சி" என்றார். தட்டியும் பதில் இல்லாததால், மீன் வெட்டும் கட்டையால் ஜன்னலை உடைத்து, கைவிட்டுத் தாழை நீக்கி, எங்களை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். புகை அடங்கிய கரியும் மூடிய அறையில் நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயுவை விடும் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

4. குடும்பச் சண்டையில் நாங்களே செய்துகொண்டோம் என்று சிலர் பேசுகிறார்கள். அது பொய். அன்று முதல் என் கணவர் குழந்தையைத் தூக்குவதில்லை. நீட்டினால், "என் கை வாணாம்" என்கிறார். அவர் அறியாமல் செய்தது இது என்பதைத் தங்கள் அலுவலகம் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

5. டெங்குவுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதுபோல் இதையும் தெருத்தெருவாக அறிவிக்க வேண்டும். பிரசவமான வீடுகளுக்கு வரும் செவிலியர்கள் இதை நேரில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஆள் அனுப்பி எங்கள் சந்தின் காற்றைச் சோதிக்க வேண்டும்.

இன்றும் மூட்டம் இறங்கியிருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்தே இதை எழுதுகிறேன், குழந்தை இருமுகிறாள். நாங்கள் திறப்பதா, சாத்துவதா என்பதற்குத் தாங்கள் பதில் தர வேண்டும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 04.01.2025

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ஃபிர்தௌஸ்

சாட்சி: (ஒப்பம்) நர்மதா