பல்லிக்கு ஏற்றிய விளக்கும் நெடுங்கரை ஏரியும்

நலமே நிற்க. மேல்மலை நாட்டை ஆள்பவரும், எங்கள் மன்னர் இளஞ்செருவரின் தமக்கையாருமான பூதி நங்கைப் பெருந்தேவியாரின் திருமுன்னர், மணற்குன்ற நாட்டு முதலமைச்சன் ஆதன் கொற்றன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளின் அடுப்பு அணையாதிருக்க. தங்கள் மலைகளில் மழை அளவோடு பெய்க. அடுத்து எங்கள் நாட்டின் நலத்தையும் எழுதுவது மரபு. எழுதக் கை வரவில்லை.

சென்ற தையில் மன்னர் காய்ச்சலில் கிடந்தபோது, பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று தாங்கள் விளையாட்டாய் ஒரு மலைப்பல்லியை வெள்ளிக் கூட்டில் அனுப்பினீர்கள். அது சொல்லிய இரவில் காய்ச்சல் இறங்கியது. உயிர் தந்தது பல்லியே என்று கருதிய மன்னர், கூட்டைத் திறந்து அரசவைச் சுவரிலே அதைக் குடியேற்றினார். கைப்பிடிப் பூச்சி தின்னும் உயிரை வளர்க்க என்ன செலவாகிவிடும் என்று அவையோர் நகைத்தனர்.

பூச்சி வர விளக்கு வேண்டும். பொழுது சாயுமுன்னே அவை முழுதும் விளக்கேற்றிக் கதவுகளை அகலத் திறந்து வைக்கிறோம். கோயில் எண்ணெய் இங்கே வந்தது; பின்பு குடிகளின் வீட்டு எண்ணெயும் வந்தது. ஊரார் இருட்டில் உண்கிறார்கள், பல்லி வெளிச்சத்தில் உண்கிறது. பல்லிக்குத் தீங்கு நேரும் என்று நகரத்துப் பூனைகளை எல்லாம் துரத்தியாயிற்று. களஞ்சியத்தில் எலிகள் கொழுத்துவிட்டன. இவ்வளவையும் பொறுத்தோம். இப்போதோ பல்லி சொல்லாமல் மன்னர் எந்த ஆணையும் இடுவதில்லை. வடபுறம் சொன்னால் இசைவாம், தென்புறம் சொன்னால் தடையாம். வயிறு புடைத்த பல்லி எப்புறமும் சொல்வதில்லை.

இந்நிலையில் நெடுங்கரை ஏரியின் கரை கசியத் தொடங்கியது. ஏரிக் காவலர் வயிரன் சாத்தன் ஓடிவந்து, கலிங்கு மதகைத் திறந்து நீரை வடித்தால் கரையை அடைத்துவிடலாம், தவறினால் கீழுள்ள ஊர்கள் மிஞ்சா என்று முறையிட்டார். மன்னர் கையமர்த்திவிட்டுச் சுவரை நோக்கினார். பல்லி வடக்கு உத்தரத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் காத்து மனம் நொந்த சாத்தன், தம்மையறியாமல் உச்சுக் கொட்டினார். அவர் நின்றது தென்புறம்.

பல்லி சொல்லிவிட்டது, கலிங்கைத் திறத்தல் ஆகாது என்று மன்னர் ஆணையிட்டார். அது பல்லியன்று, அடியேனின் நாக்கு என்று சாத்தன் தரையில் விழுந்து அழுதார். பல்லி தன் வாயால் சொன்னாலென்ன, உன் வாயால் சொன்னாலென்ன என்று மன்னர் கனிவோடே மறுமொழி தந்தார். தேவி, சினந்திருந்தால் ஆறும் வரை காத்திருப்பேன். அந்தக் கனிவுக்கு என்னிடம் மருந்தில்லை. கலிங்கில் இப்போது வேலேந்திய காவல் நிற்கிறது. நாள்தோறும் மழை பெய்கிறது. என் அறிவும் பதவியும் ஒரு மதகுப் பலகையைத் தூக்க உதவவில்லை.

ஆகையால் ஏரிக்குக் கீழுள்ள ஊரார் அனைவரும் தங்கள் மேல்மலை எல்லைக்குப் புறப்பட என் சொந்த முத்திரையில் ஆணை விடுத்துவிட்டேன். இது அரச துரோகம். இதன் தண்டனையை அறிந்தே செய்தேன். தங்களிடம் வேண்டுவது ஒன்றே. அவர்கள் வந்து நிற்கையில் நாளும் சகுனமும் பாராமல் எல்லைக் கதவைத் திறந்துவிடும்படி தங்கள் காவலர்க்குக் கட்டளையிடுங்கள். எனக்காக மன்னருக்குப் பரிந்து எழுத வேண்டாம். எழுதினால், அந்த ஓலையும் பல்லியின் முன்னேதான் பிரிக்கப்படும்.

இவ்வோலை கொணர்பவர் அந்த வயிரன் சாத்தனே. தம் வாயிலிருந்து எழும் எந்த ஒலி இனி எவரைக் கொல்லுமோ என்று அஞ்சி, அன்று தொட்டு அவர் வாயைத் துணியால் கட்டியிருக்கிறார். ஏரியைப் பற்றி அவரிடம் எதுவும் வினவ வேண்டா. முதலில் கஞ்சி கொடுத்து, அவர் உண்ணும்போது எல்லோரும் விலகியிருக்கப் பணியுங்கள்.

இப்படிக்கு, என் கையொப்பமும் முத்திரையும் இட்டேன், ஆதன் கொற்றன்.