கிளைச்சாலையில் நீங்கள் நிற்கவில்லை

இன்று காலை எல்.எல்.ஆர். தேர்வுக்குப் போனேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட இனி நான்தானே வண்டி ஓட்டியாக வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். நான்காவது கேள்வி: கிளைச்சாலையிலிருந்து பிரதான சாலைக்குள் நுழையும்போது யாருக்கு வழிவிட வேண்டும்? பிரதான சாலையில் வரும் வண்டிகளுக்கு என்ற பதிலை அமுக்கினேன். சரி என்று வந்தது. அவ்வளவு சுலபமான கேள்வி. அதற்கு நீங்கள் ரோட்டில் தப்பான பதில் சொன்ன நாளில் நான் வண்டியில் உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் நின்று உங்கள் அம்மா தினமும் புலம்புகிறார். "எம்புள்ள ஒரு தப்பும் பண்ணாதவன், அவனைப் போய் லாரிக்காரன் அடிச்சிட்டானே" என்கிறார். நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் தீரவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

உங்கள் கம்பெனியில் குடும்ப நாள் என்று எங்களைக் கூட்டிப் போனீர்களே. அங்கே எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவர் நீங்கள். தரையில் மஞ்சள் கோடு. கோடு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். வலது பக்கம் விரலை நீட்டி "ரைட் ஓகே", இடது பக்கம் நீட்டி "லெஃப்ட் ஓகே" சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி. அந்த நேரம் எதிரே ஈ காக்கை இல்லை. நம் மகள் சிரித்துவிட்டாள். "சிரிக்காத. இங்க சரக்கு தூக்குற ஃபோர்க்லிஃப்டுக்குத்தான் மொதல்ல வழி. மேனேஜரா இருந்தாலும் நிக்கணும்" என்றீர்கள். விரல் நீட்டாமல் கடந்த ஒரு சூப்பர்வைசரை எங்கள் கண் முன்னாலேயே திரும்பிப் போய் மறுபடி நடக்க வைத்தீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதே நாள் சாயங்காலம், கேட்டைத் தாண்டியதும், யூ-டர்ன் தூரமாக இருக்கிறது என்று ராங் சைடில் வண்டியை விட்டீர்கள். எதிரில் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"இன்னாங்க இது? உள்ள அத்தினி சட்டம் பேசினீங்க?"

"உள்ள கேமரா கீது. இது ரோடு. ஹாரன் அடிச்சிட்டா அவன் ஒதுங்கிப்பான்."

ஹாரன் அடித்துவிட்டால் ரோடு உங்கள் பெயரில் பட்டா ஆகிவிடும் என்று நினைப்பு. ஊருக்கெல்லாம் நிற்கச் சொல்லிக் கொடுத்த மனுஷனுக்கு, சம்பளம் தராத இடத்தில் நிற்பது கௌரவக் குறைச்சல்.

விபத்து நடந்த அன்று கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிளம்பினோம். மகளை உங்கள் அம்மாவிடம் விட்டிருந்தோம். நம் ஊர் ரோடு மெயின் ரோட்டில் சேருகிற இடத்துக்கு வந்தபோது வலது பக்கம் டிப்பர் லாரி வருவதைப் பார்த்தேன். தோளைப் பிடித்து இழுத்தேன். "லாரி வருது, நில்லுங்க" என்றேன். "பாத்துட்டேன்மே" என்று ஹாரனை அழுத்தினீர்கள். பார்க்காமல் போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். நீங்கள் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

லாரி டிரைவர் தென்காசிப் பக்கத்து ஆள். ஓடிப்போகவில்லை. கை உடைந்து கிடந்த என்னை ஓரமாக உட்கார வைத்தார். உங்கள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். "யக்கா, நான் மெதுவாத்தான் வந்தேன், பிரேக்கும் போட்டேன்க்கா" என்று அழுதார். கூட்டம் சேர்ந்ததும் அவரைத்தான் அடித்தார்கள். யார் வழியில் யார் புகுந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பெரிய வண்டி, அதனால் அவன்மேல்தான் தப்பு. அவ்வளவுதான் நம் ஊர் சட்டம்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்கள் தம்பி, லாரி கண்மண் தெரியாமல் வந்து மோதியது என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். கிட்டே இருந்து பார்த்த சாட்சி நான் ஒருத்திதான். போன மாதம் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது தம்பி வந்தார்.

"அண்ணி, லாரி வேகமா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மாத்திச் சொன்னா நஷ்டஈடும் போச்சு, அண்ணன் பேரும் போச்சு."

"அப்ப அந்த ஆளு ஜெயிலுக்குப் போவட்டுமா?"

"அவன் யாரு நமக்கு?"

பஸ்ஸில் போகும்போது உங்களைத் திட்டிக்கொண்டேதான் போனேன். உங்கள் பேரைக் கெடுப்பதா, ஒரு அப்பாவியை உள்ளே தள்ளுவதா என்று என்னை நடுவில் நிறுத்திவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். கூண்டில் ஏறியதும் டிரைவர் தரப்பு வக்கீல் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் மெயின் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தினாரா?"

"நிறுத்தல."

"லாரி வர்றது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் சொன்னேன்."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து உங்கள் அம்மா நான் சமைத்ததைத் தொடுவதில்லை. தனியாகப் பொங்கிக்கொள்கிறார்.

கோர்ட்டு வாசலில் அந்த டிரைவர் என் காலில் விழ வந்தார். "உங்களுக்காகச் சொல்லலீங்க, எழுந்திருங்க" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அதுதான் நிஜம். லாரிமேல் தப்பு என்று சொல்லியிருந்தால் எல்லோரும் என்னைத் தாங்கியிருப்பார்கள். கொஞ்ச நாளில் நானே அதை நம்பியிருப்பேன். அப்புறம் உங்களோடு சண்டை போட எனக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?

உங்களிடம் நான் கடைசியாகச் சொன்ன வார்த்தை "நில்லுங்க." அதைச் சொல்லவே இல்லை என்று ஆக்கச் சொன்னார்கள். என்னால் முடியாது. இப்போதும் அதையேதான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இன்னும் கேட்கவில்லை.